உப்பு நீரின் நடுவே ஒரு நகரம்

வெனிஸ் நகரத்தைப் பற்றி எழுதப் புகுந்தவர்களில் பெரும்பாலோர் அதை ஒரு கனவு என்றும், நீரிலே தோன்றி நீரிலே மறையும் மாயத் தோற்றம் என்றும் வர்ணித்துச் சென்றிருக்கிறார்கள். அந்த வர்ணனைகளின் விளைவாக, புதிதாய் மணமானவர்கள் உல்லாசமாகப் படகில் சுற்றி வருவதற்கென்றே ஏற்பட்ட ஊர் அது என்று எண்ணுவோர் நம்மிடையேயும் அநேகர். சென்ற இலையுதிர் காலத்தில் நானும் என் மனைவியும் சில நாட்கள் அங்கே தங்கி, விடியற்காலை முதல் விளக்கு வைத்த பிறகும் நடந்து திரிந்து பார்த்ததில் எனக்கு உண்டான அபிப்பிராயம் இதற்கு முற்றிலும் மாறானது. நிற்பதற்கு உறுதியான நிலமும், குடிப்பதற்கு நல்ல ஜலமும், உழுவதற்கு ஒரு காணி வயலும் இல்லாத சேற்றுத் திட்டுகளின்மேல், ஏறக்குறைய 1,100 ஆண்டுகள் ஒரு குடியரசை நடத்திய மக்கள், தலைமுறை தலைமுறையாகச் செய்த வேலையின் பலனே அந்த நகரம். அந்த வேலையைக் கண்ணால் கண்டுவர முடிகிறவனுக்கே வெனிஸ் தன்னை முழுவதும் காட்டுகிறது என்பது என் துணிபு.

பாதுவாவிலிருந்து வரும் ரயில் மெஸ்த்ரே என்ற ஊரைத் தாண்டியதும் தரை முடிந்துவிடுகிறது. 1846-இல் திறக்கப்பட்ட, 4 கிலோமீட்டருக்குச் சற்றே குறைந்த நீளமுள்ள பாலத்தின்மேல் வண்டி ஊர்ந்து செல்ல, இருபுறமும் ஆழமற்ற உப்பங்கழி பரந்து கிடக்கிறது. அதில் மூன்று மூன்று மரங்களாகச் சேர்த்துக் கட்டி வரிசையாக ஊன்றியிருக்கிறார்கள். ஆழமான வழி எது, தரைதட்டும் இடம் எது என்று படகோட்டிகளுக்குக் காட்டும் அடையாளங்கள் அவை. இந்தப் பாலம் எழுவதற்கு முன் வெனிசுக்குள் பிரவேசிக்கப் படகே வழியாக இருந்தது. ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்து படிகளில் இறங்கினால் எதிரே தெரு இருக்க வேண்டிய இடத்தில் கால்வாய் இருக்கிறது. தபால், காய்கறி, செங்கல், நோயாளி, குப்பை ஆகிய யாவும் அதன் வழியாகவே போய் வருகின்றன.

அவசரப்படாத பிரயாணிகள் செய்யத்தக்க முதற்காரியம், 1-ஆம் எண் நீராவிப் படகில் ஏறிப் பெருங்கால்வாய் நெடுகச் செல்வதுதான். இப்போது அது டீசலில் ஓடினாலும் பழைய பெயரே நிலைத்துவிட்டது. இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் மாறி மாறி அணைந்து, எல்லா நிறுத்தங்களிலும் அது நின்று போவதால், பெருவணிகர்களின் மாளிகைகளை முகத்துக்கு நேராகப் பார்க்க முடிகிறது. அவற்றின் அடிப்பகுதியில், அலை ஏறி இறங்கும் உயரம் வரையில், வெண்மையான கல் பதித்திருப்பதை என் மனைவி சுட்டிக் காட்டினாள். அது ஏட்ரியாடிக் கடலின் எதிர்க்கரையான இஸ்திரியாவிலிருந்து கொணர்ந்த சுண்ணாம்புக் கல். உப்பு நீர் எளிதில் ஊறாதது. அந்தக் கல்லுக்குக் கீழே கண்ணுக்குத் தெரியாத ஒரு காடே இருக்கிறது. ஆல்ப்ஸ் மலைச் சாரலில் வெட்டி ஆற்றில் மிதக்க விட்டுக் கொண்டுவந்த மரங்களைக் கூராகச் சீவி, நெருக்கமாகக் களிமண்ணில் அடித்து இறக்கி, அவற்றின்மேல் பலகை பரப்பி, பலகையின்மேல் இஸ்திரியக் கல்லை அடுக்கி, அதற்குமேல்தான் செங்கல் சுவரை எழுப்பினார்கள். சேற்றுக்குள் காற்றுப் புகாத காரணத்தால் மரம் மக்குவது மிகமிக மந்தமாக நடைபெறுகிறது. அந்தோனியோ தா போந்தே என்பவர் 1588 முதல் 1591 வரை கட்டிய ரியால்ட்டோ பாலத்தின் அடியில் சுமார் 12,000 மரங்கள் இருப்பதாகச் சொல்கிறார்கள். ஒற்றை வளைவாகக் கால்வாயைத் தாண்டும் அந்தக் கற்பாலம், 1854 வரையில் பெருங்கால்வாயைக் கடக்க இருந்த ஒரே பாலமாகும்.

சதுக்கமும் அரண்மனையும்

புனித மாற்கு சதுக்கத்தைக் காலை ஏழு மணிக்குள் போய்ப் பார்த்துவிட வேண்டும். பகல் பத்து மணிக்குமேல் அங்கே ஜனக்கூட்டத்தைத்தான் பார்க்கலாம். நாங்கள் போனபோது குப்பை வண்டி தள்ளுகிறவர்களும், மேசைகளை விரித்துக் கொண்டிருந்த காப்பிக் கடைச் சிப்பந்திகளும் தவிர அங்கே வேறு மனிதர் இல்லை. 828-இல் அலெக்சாந்திரியாவிலிருந்து இரண்டு வணிகர்கள் புனித மாற்குவின் திருவுடலைக் கொண்டுவந்தார்கள் என்பது ஊராரின் நம்பிக்கை. அதை வைப்பதற்கென்று எழுந்த ஆலயத்தின் உட்புறம் ஆயிரக்கணக்கான சதுர மீட்டர் பரப்புக்குப் பொன் தகடு பொதிந்த கண்ணாடிச் சில்லுகளால் இழைக்கப்பட்டிருக்கிறது. வாயிலின் மேலே நிற்கும் நான்கு குதிரைகள் பிரதிகள்; அசல் வெண்கலக் குதிரைகள் உள்ளே பத்திரமாக இருக்கின்றன. 1204-இல் சிலுவைப் போர் வீரர்களோடு சேர்ந்து கான்ஸ்தாந்திநோபிளைச் சூறையாடியபோது வெனிசியர் எடுத்து வந்தவை அவை. 1797-இல் குடியரசை முடித்துவைத்த நெப்போலியன் அவற்றைப் பாரிசுக்கு எடுத்துச் சென்றான். 1815-இல் திரும்பி வந்தன. எத்தனை அழகாயினும் கொள்ளைப் பொருள் கொள்ளைப் பொருளே என்பதை அங்கே நிற்கும்போது மறக்கலாகாது.

அருகிலுள்ள மணிக்கூண்டு 1902 ஜூலை 14 அன்று காலையில் அப்படியே சரிந்து செங்கற் குவியலாய் விழுந்தது. மனித உயிர் ஒன்றுகூடப் போகவில்லை. இருந்த இடத்திலேயே, இருந்த வண்ணமே அதைத் திரும்பக் கட்டுவதென்று நகரசபை தீர்மானித்து, 1912-இல் கட்டி முடித்தும் விட்டது.

டோஜேயின் அரண்மனையைப் பற்றி விஸ்தாரமாக எழுதிய பல நூல்கள் உண்டு. ஆகையால் என் மனத்தைத் தொட்ட விஷயத்தை மட்டும் கூறுகிறேன். டோஜே என்ற பட்டத்தோடு ஆயுட்காலத் தலைவனாக வீற்றிருந்தவன், ஆலோசகர்கள் உடனில்லாமல் அயல்நாட்டுக் கடிதம் எதையும் பிரிக்கக் கூடாது. அனுமதியின்றி நகரத்தை விட்டு வெளியேறக் கூடாது. அவன் இறந்த பிறகு அவனுடைய நடத்தையை விசாரிக்க ஒரு குழு அமைக்கப்பட்டு, தவறு காணப்பட்டால் வாரிசுகள் அபராதம் செலுத்த நேர்ந்தது. அதிகாரத்தை இவ்வளவு ஜாக்கிரதையாகக் கட்டிவைத்த அதே அரசுதான், சுவரில் சிங்க வாய்களைச் செதுக்கி வைத்து, அயலானைப் பற்றிய குற்றச்சாட்டுச் சீட்டுகளை அவற்றில் போடச் செய்தது; 1516-இல் யூதர்களை கன்னரெஜ்ஜோ பகுதியின் ஒரு தீவில் ஒதுக்கி, இரவில் வாயிற்கதவுகளைப் பூட்டவும் செய்தது. இடம் போதாமல் மேலே மேலே கட்டப்பட்ட, மேல்தளம் தாழ்ந்த, ஏழெட்டு மாடி வீடுகளை அங்கே இன்றும் காணலாம். அரண்மனையைக் கண்டு வியந்தவர்கள் அந்தத் தீவுக்கும் போய்வருவது அவசியம் என்று கருதுகிறேன்.

மழையைச் சேமித்தவர்கள்

என் மனைவி ராமநாதபுரம் சீமையில் பிறந்தவள். கடலோரத்தில் கிணறு தோண்டினால் உவர்நீரே ஊறும் கிராமத்தில், மழைநீர் தேங்கும் ஊருணியிலிருந்து குடத்தில் தண்ணீர் சுமந்து வளர்ந்தவள். ஆகவே, மாளிகைகளையும் கோபுரங்களையும் விட அவளுடைய சிந்தையைக் கவர்ந்தவை, வெனிசின் சிறு சதுக்கங்கள் தோறும் நடுநாயகமாய் நிற்கும் கல் தொட்டிகள். 'காம்போ' என்று அவர்கள் வழங்கும் அந்தச் சதுக்கம் ஒன்றில், இடுப்பளவு உயரத்தில், சிங்க முகமும் இலைக் கொத்தும் செதுக்கி, மேலே இரும்பு மூடியிட்ட தொட்டியை அவள் சுற்றிச் சுற்றி வந்தாள். விளிம்பில் கயிறு தேய்த்த பள்ளங்கள், விரல் நுழையும் ஆழத்துக்கு இருந்தன.

"என்னங்க, தொட்டியைச் சுத்தி நாலு பக்கமும் ஓட்டைக் கல் பதிச்சிருக்கே, பாத்தீங்களா? தரையும் அந்தப் பக்கமாத்தான் சரியுது. மழைத் தண்ணி உள்ளே இறங்கத்தானே இது?" என்றாள்.

அவள் சொன்னது முற்றிலும் சரி. அவை வெறும் கிணறுகள் அல்ல. சதுக்கத்தையே ஐந்தாறு மீட்டர் ஆழத்துக்குத் தோண்டி, குழியின் அடியையும் பக்கங்களையும் பிசைந்த களிமண்ணால் பூசி, உப்பு நீர் உள்ளே கசியாதபடி தடுத்துவிட்டு, உள்ளே ஆற்று மணலை நிரப்பினார்கள். நடுவில் செங்கல்லால் ஓர் உறை எழுப்பினார்கள். சதுக்கத்தின்மேலும் சுற்றியுள்ள கூரைகளின்மேலும் பெய்யும் மழை, துளைக் கற்களின் வழியே இறங்கி, மணலுக்குள் மெல்ல மெல்ல வடிந்து, அழுக்கு நீங்கித் தெளிந்து, உறையின் அடியில் போய்ச் சேர்ந்தது. பொதுக் கிணறுகளின் பூட்டைத் திறந்துவிடும் பொறுப்பு பேட்டைத் தலைவனுடையது. நாளுக்கு இருமுறை மணி அடித்துத் திறந்துவிடுவான். பெண்கள் செம்புக் குடங்களோடு கூடுவார்கள். மழை பொய்த்த காலத்தில் பிரெந்தா ஆற்றிலிருந்து படகு படகாக நன்னீரைக் கொண்டுவந்து ஊற்றினார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் கணக்கெடுத்தபோது வீடுகளிலும் சதுக்கங்களிலுமாக இத்தகைய கிணறுகள் 6,000-க்கும் மேல் இருந்தன. 1884-இல் குழாய் நீர் வந்த பிறகே அவற்றின் உபயோகம் அற்றுப் போயிற்று.

உலகத்தார் புகழும் ஓவியங்களும் பளிங்கு முகப்புகளும் இந்த நீரைக் குடித்தவர்கள் செய்தவை. பொற்கலசம் போன்ற ஆலயத்தைக் கட்ட ஒரு தலைமுறையின் பக்தியும் பணமும் போதுமானவையாக இருக்கலாம். தெருவில் உள்ள துளைக்கல்லை அசுத்தம் சேராமல் காப்பதோ, எல்லாத் தலைமுறைகளும் தினந்தோறும் ஒழுங்காக நடந்துகொண்டால்தான் முடியும். அதற்குப் பிறகு நாங்கள் போன திசையெல்லாம், ஊர் தெரியாத புதியவர்கள் திகைக்கும் அந்தச் சந்துகளில், கிணற்றுத் தொட்டிகளையே வழிக்குறியாக வைத்துக்கொண்டோம். வீட்டு எண்களை நம்பிப் பயனில்லை. தெருவுக்குத் தெரு எண்ணாமல், பேட்டை முழுவதற்கும் ஒரே வரிசையாய் எண்ணியிருப்பதால், காஸ்தெல்லோ பேட்டையில் அது 6,000-ஐத் தாண்டுகிறது.

குறைந்த அவகாசத்தில் போகிறவர்கள் எந்த ஓவியத்தைப் பார்ப்பது என்று கேட்டால், சான் ரோக்கோ மண்டபம் ஒன்று போதும் என்பேன். கொள்ளைநோய்க்குக் காவலான புனிதர் ரோக்கோவின் பெயரால் அமைந்த சகோதர சபை ஒன்றின் கட்டடம் அது. அதன் சுவர்களையும் மேல்தளங்களையும் தின்தொரெத்தோ 1564 முதல் இருபது ஆண்டுகளுக்கும் மேலாகத் தீட்டினார். மேலே அண்ணாந்து பார்த்துக் கழுத்து நோகாதபடி, அங்கே கைக்கண்ணாடிகள் வைத்திருக்கிறார்கள். என் மனைவி ஒன்றை மடியிலே தாங்கி, மோசே பாறையிலிருந்து நீரை வரவழைக்கும் காட்சியை அதில் பிடித்துக்கொண்டு, வெகு நேரம் உட்கார்ந்துவிட்டாள். தாகத்தால் தவித்த ஜனங்கள் கிண்ணங்களையும் குடங்களையும் ஏந்தி முண்டியடிக்கும் அந்தப் படத்தை, நன்னீருக்கு மழையை நம்பியிருந்த ஊரின் பிரஜைகள் எந்த உணர்ச்சியோடு நோக்கியிருப்பார்கள் என்பதை ஊகிப்பது கடினமன்று.

கொண்டோலாப் படகைப் பற்றிச் சொல்லாவிட்டால் வாசகர்கள் மன்னிக்க மாட்டார்கள். சான் த்ரோவாசோ என்னும் இடத்தில், கால்வாயின் எதிர்க்கரையில் நின்று, அவற்றைக் கட்டிச் செப்பனிடும் தளத்தைப் பார்க்கலாம். சுமார் 11 மீட்டர் நீளமுள்ள அந்தப் படகு கோணலாகவே கட்டப்படுகிறது. இடப்பக்கம் வலப்பக்கத்தைவிட 24 சென்டிமீட்டர் அகலம். படகோட்டி ஒருவனே பின்னால் நின்று, வலப்புறம் ஒற்றைத் துடுப்பால் தள்ளுவதால், இந்தக் கோணல்தான் படகை நேராகச் செலுத்துகிறது. துடுப்பைத் தாங்கும் அக்ரூட் மரக் கட்டையின் வளைவுகள் ஒவ்வொன்றுக்கும் ஒரு காரியம் உண்டு: ஒன்று முன்னே செல்ல, ஒன்று நிறுத்த, ஒன்று திரும்ப. அரைமணி நேரச் சவாரிக்கு 90 யூரோ கொடுக்க மனமில்லாத தம்பதிகள் வருந்த வேண்டுவதில்லை. பாலமில்லாத இடங்களில் மக்களை அக்கரை சேர்க்கும் பொதுப் படகு, அதே வம்சத்தைச் சேர்ந்தது. இரண்டு யூரோவுக்குப் பெருங்கால்வாயைக் கடந்துவிடலாம்.

மிளகு போன வழி

ரியால்ட்டோ பாலத்தை ஒட்டிய சந்தையில் காலையில் காய்கறியும் மீனும் குவிகின்றன. சாந்த் எராஸ்மோ என்ற தீவில் விளையும் கூனைப்பூவும், கசப்புச் சுவையுள்ள செங்கீரையும், பச்சைப் பட்டாணியும் சோறும் சேர்த்துக் குழைய வேகவைத்த உணவும், மக்காச்சோளக் களியும் எங்களைப் போன்ற மரக்கறி உண்போரைப் பட்டினி போடவில்லை. இறைச்சிச் சாறு கலந்திருக்கிறதா என்று மட்டும் கேட்டுக்கொள்ள வேண்டும். மீன் சந்தையின் சுவரில் ஒரு கற்பலகை பதித்திருக்கிறார்கள். இன்ன மீன் இத்தனை சென்டிமீட்டர் நீளத்துக்குக் குறைந்தால் விற்கக் கூடாது என்று அதில் வெட்டியிருக்கிறது. குஞ்சு மீனைப் பிடித்துத் தீர்த்துவிட்டால் நாளைக்குக் கடல் வறண்டுபோகும் என்பதை அறிந்தவர்கள் வகுத்த விதி.

இந்தச் சந்தைக்கும் நம் கடற்கரைக்கும் உள்ள சம்பந்தம் பழையது. மலையாளக் கரையின் மிளகு, அரபு வணிகர் கைமாறி, அலெக்சாந்திரியா வழியாகப் பெரும்பாலும் இங்கே வந்துதான் ஐரோப்பாவுக்குப் பங்காயிற்று. 1284 முதல் வெனிஸ் அடித்த பொற்காசு, மூன்றரை கிராம் எடையும் ஏறக்குறைய மாசற்ற மாற்றும் குறையாமல், குடியரசு முடியும்வரை ஐந்நூறு ஆண்டுகள் செலாவணியில் இருந்தது. தென்னாட்டில் அது வாணிபத்தில் மட்டுமின்றிப் பெண்களின் கழுத்திலும் ஏறியது. ரியால்ட்டோவுக்கு அருகிலுள்ள மிலியோன் முற்றத்தில் மார்க்கோ போலோவின் குடும்ப வீடு இருந்தது. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டுக் கரைக்கு வந்து, காயல் துறைமுகத்தையும் முத்துக்குளிப்பையும் வர்ணித்தவர் அவர்.

அவரைவிட நமக்கு நெருங்கியவர் நிக்கோலாவோ மனூச்சி. பதினேழாம் நூற்றாண்டில், பதினான்கு வயதுப் பாலகனாய் வெனிசை விட்டுப் புறப்பட்ட அவர், மொகலாயர் சேனையில் பணியாற்றி, வைத்தியம் செய்து, கடைசியில் சென்னையிலும் பரங்கிமலையிலும் குடியேறிவிட்டார். அங்கிருந்து எழுதிய பெரிய சரித்திரத்தின் கையெழுத்துப் படிகளில் ஒரு பகுதியும், சோழமண்டலக் கரையின் ஓவியர்களைக் கொண்டு தீட்டுவித்த தெய்வ உருவங்களும் திருவிழாக் காட்சிகளும், டோஜே அரண்மனைக்கு நேர் எதிரே உள்ள மார்ச்சியானா நூல் நிலையத்தில் இருக்கின்றன. அவற்றை எல்லாருக்கும் எடுத்துக் காட்டுவதில்லை. ஆயினும் பெயர் தெரியாத நம் சித்திரக்காரர்களின் கைவண்ணம் அந்தக் கட்டடத்துக்குள் இருக்கிறது என்று அறிந்து, அதன் வாயிலில் நாங்கள் சற்று நேரம் நின்றோம்.

எழும் நீர், குறையும் ஜனம்

இலையுதிர் காலத்தில் தெற்கிலிருந்து வீசும் காற்று, ஏட்ரியாடிக் கடலின் நீரை வடக்கே தள்ளிக் கழிக்குள் ஏற்றுகிறது. 1966 நவம்பர் 4 அன்று நீர் 194 சென்டிமீட்டரும், 2019 நவம்பர் 12 அன்று 187 சென்டிமீட்டரும் உயர்ந்து நகரத்தை மூழ்கடித்தது. கழியின் மூன்று வாய்களிலும் கடலடியில் 78 இரும்புக் கதவுகளைப் படுக்க வைத்து, வெள்ளம் வரும்போது அவற்றினுள் காற்றைச் செலுத்தி நீரை வெளியேற்றி நிமிரச் செய்யும் அமைப்பு, 2020 அக்டோபர் 3 அன்று முதன்முறை வெள்ளத்தை எதிர்த்து நின்றது. அதைக் கட்டுவதில் பெருங்காலமும் பெரும் பொருளும் செலவாயின; 2014-இல் லஞ்சக் குற்றத்துக்காகப் பலர் கைதானார்கள். அந்தக் களங்கத்தை மறைக்க வேண்டுவதில்லை. ஆயினும், பதினைந்தாம் நூற்றாண்டு முதலே ஆறுகளைத் திருப்பிவிட்டுக் கழி தூர்ந்துபோகாமல் காத்தவர்களும், 1501-இல் நீருக்கென்றே தனி அதிகாரக் குழு நியமித்தவர்களும் செய்த தொழிலின் தொடர்ச்சியே அந்தக் கதவுகள்.

நீரைவிடப் பெரிய ஆபத்து வேறு. 1951-இல் இந்தத் தீவு நகரில் சுமார் 1,75,000 பேர் வசித்தார்கள். இப்போது 50,000-க்கும் குறைவு. ரியால்ட்டோவுக்கு அருகே ஒரு மருந்துக்கடையின் கண்ணாடியில், எஞ்சியுள்ள குடிகளின் எண்ணிக்கையை ஒளி எழுத்துகளில் காட்டிவருகிறார்கள். வீடுகள் யாத்திரிகர்களின் வாடகை அறைகளாகிவிட, பிள்ளைகள் தரைப்பகுதிக்குக் குடிபெயர்கிறார்கள். காலையில் வந்து மாலையில் போய்விடும் கூட்டத்தைக் கட்டுப்படுத்த, 2024 ஏப்ரல் 25 முதல் குறிப்பிட்ட சில நாட்களில் அப்படி வருகிறவர்களிடம் 5 யூரோ வசூலித்தார்கள். இரவு தங்குகிறவர்களுக்கு அந்தக் கட்டணம் இல்லை. ஐரோப்பிய யாத்திரைத் திட்டத்தில் வெனிசுக்கு ஒரு பகற்பொழுதை ஒதுக்கும் நம்மவர்கள், வேறோர் ஊரைக் கழித்துவிட்டாவது இங்கே சில இரவுகள் தங்க வேண்டும் என்று வற்புறுத்திச் சொல்கிறேன். ஊராருக்கே உரிய விடுதியில் தங்கி, ஊரார் வாங்கும் கடையில் ரொட்டி வாங்குகிறவன் நகரத்தைத் தேய்ப்பவனாக அல்லாமல், அதற்குச் சிறிதேனும் ஆதரவு தருபவனாக இருப்பான்.

எந்தக் காலத்தில் போவது என்றால், நவம்பர் மாதத்தைச் சொல்வேன். குளிரும் மூடுபனியும் உண்டு, கூட்டம் குறைவு. ஊராரின் பழைய விழா ஒன்றும் அந்த மாதத்தில்தான் வருகிறது. 1630-இல் தொடங்கிய கொள்ளைநோய் நகரத்தில் 46,000 பேருக்கு மேல் கொண்டுபோயிற்று. நோய் நீங்கினால் தேவமாதாவுக்கு ஓர் ஆலயம் எழுப்புவதாக டோஜேயும் செனட் சபையும் பிரார்த்தித்துக்கொண்டார்கள். பால்தஸாரே லொங்கேனா என்ற இளைஞரின் திட்டப்படி 1631-இல் வேலை தொடங்கியது. பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட மரங்களை அடியில் இறக்கியதாகக் கணக்குச் சொல்கிறார்கள். ஆயுளின் இறுதிவரை அதில் ஈடுபட்டிருந்த லொங்கேனா 1682-இல் இறந்தார். ஆலயம் 1687-இல் முடிந்தது. பெருங்கால்வாயின் முகத்தில் வெண்ணிறக் கும்மட்டத்தோடு நிற்கும் 'சலூத்தே' ஆலயம் அதுவே. ஒவ்வோர் ஆண்டும் நவம்பர் 21 அன்று கால்வாயின் குறுக்கே தற்காலிகப் பாலம் அமைத்து, ஊர் மக்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு நடந்து போய், அந்தப் பழைய பிரார்த்தனைக்கு நன்றியாக மெழுகுவத்தி ஏற்றுகிறார்கள். அது யாத்திரிகர்களுக்கென்று ஏற்பட்ட விழா அல்ல. ஆனாலும் மெழுகுவத்தி ஒன்றை வாங்கிக்கொண்டு வரிசையில் நிற்கிற அயலாரை யாரும் தடுப்பதில்லை. கம்பளி உடையோடு முழங்கால் வரையில் வரும் ரப்பர் காலணியும் கொண்டுபோவது நல்லது. எழும் நீர் 110 சென்டிமீட்டரை எட்டும் என்று கணித்தால்தான் கடற்கதவுகளை நிமிர்த்துகிறார்கள், புனித மாற்கு சதுக்கமோ அதற்கு முன்னதாகவே நனைந்துவிடும்.